ஒரு சைஸ் பெரிய சக்கரம்

போர்ட் பிளேரில் சிவஞானத்துக்கு இரண்டு நற்பெயர்கள் இருந்தன. அளவு தப்பமாட்டார் என்பது ஒன்று. பொய் சொல்லமாட்டார் என்பது இன்னொன்று. 1969ஆம் வருஷத்து மழைக்காலத்தில் முதல் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவர் இரண்டாவதை உபயோகித்தார். அதனால் இரண்டுமே கெடவில்லை. கெட்டது நசீருதீன் என்ற மெக்கானிக்கின் பெயர்.

சிவஞானம் ஓர் அரசு இலாகாவில் ஸ்டோர் கீப்பர். புதுக்கோட்டைப் பக்கமிருந்து 1954இல் கப்பலேறியவர். வந்த நான்கு நாளும் வாந்தி எடுத்ததில், இனி ஊருக்குத் திரும்புவதே இல்லை என்று நடுக்கடலில் முடிவு செய்ததாகச் சொல்வார். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்வந்தார். ஆணி, போல்ட், குழாய், தகரம் எல்லாம் அவர் கையால்தான் வெளியே போகும். ஒரு போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே அரை அங்குலமா, ஐந்தெட்டாம் அங்குலமா என்று சொல்லிவிடுவார். இதில் பந்தயம் கட்டித் தோற்ற என்ஜினீயர்கள் உண்டு.

ஸ்டோரில் இத்தனை கறாராக இருந்தவர் வீட்டுக்கு வாங்குவதில் மட்டும் ஒருபோதும் சரியான அளவில் எதையும் வாங்கியதில்லை. எல்லாம் ஒரு சைஸ் பெரிது. இதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அபர்டீன் பஜாரில் கிடைக்காததை மெயின்லேண்டுக்கு லீவில் போகிறவரிடம் சொல்லித்தான் வாங்க வேண்டும். அவர் போய்த் திரும்பிவர இரண்டு மாதம், மூன்று மாதம். கொண்டுவந்தது சின்னதாக இருந்துவிட்டால் அதை மாற்றிவர இன்னொருவர் லீவில் போக வேண்டும். பெரிதாக இருந்தால் செருப்புக்குள் பஞ்சு வைக்கலாம், சட்டையைப் பிடித்துத் தைக்கலாம், கதவை இழைக்கலாம். ஆகவே செருப்பு, சட்டை, குக்கர், கொசுவலை எதுவானாலும் ஒரு சைஸ் கூட்டிச் சொல்லிவிடுவது தீவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மற்றவர்கள் அதைப் பயத்தினால் செய்தார்கள். சிவஞானம் கொள்கையாகச் செய்தார். அவர் மனைவி இந்திராணி பதினைந்து வருஷமாகப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து சிவஞானம் ஒரு சின்ன கார் வாங்கினார். பதினான்கு அங்குலச் சக்கரம் வைத்த, ஆமையைப் போன்ற மோரிஸ் மைனர். அப்போது ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். கிளார்க்குகளுக்குச் சமமான உத்தியோகத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான். வண்டிக்கு ஒரு குறை இருந்தது. வயிறு தாழ்வு. மழையில் அரித்த ரோட்டில் நடுவே நிற்கும் கல் அதன் அடியில் உரசும். ஒருமுறை எண்ணெய்த் தொட்டியில் கல் இடித்து, வீடு இருந்த காரச்சராமா வரை ரோடெல்லாம் எண்ணெய்க் கோடு போட்டது. இது அவர் எல்லோரிடமும் சொன்ன காரணம். எல்லோரிடமும் சொல்லாத காரணம், அதிகாரிகளின் ஜீப்புகள். எதிரே ஜீப் வந்தால் அதில் இருப்பவர் குனிந்து இவரைப் பார்த்தார். இவர் நிமிர்ந்து சலாம் வைக்க வேண்டியிருந்தது. ஜீப் போன பிறகு சேறு கண்ணாடியில் இருக்கும்.

ஆகவே வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்து நசீருதீனிடம் போனார்.

நசீருதீனின் கொட்டகை பஜாருக்குப் பின்னால் சரிவில் இருந்தது. கீழக்கரைக்காரர். உறவினர்கள் ஜவுளியும் மளிகையும் விற்ற ஊரில் இவர் மட்டும் கிரீஸில் கையை விட்டுக்கொண்டிருந்தார். ஊரில் ஓடிய எட்டு டாக்ஸிகளும் அவர் கைக்குத்தான் வந்தன. அதிகம் பேசாதவர். பேசினாலும் வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார், வண்டிக்காரரைப் பார்த்து அல்ல.

"பாய், இதுக்கு ஒரு சைஸ் பெரிய சக்கரம் போட்டுடலாம்னு இருக்கேன். அம்பாசடருக்குப் போடுற பதினஞ்சு இஞ்ச் டயர். என்ன சொல்றீங்க?"

நசீருதீன் காரின் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இடம் பத்தாது சார்."

"உயரம் கிடைக்குமே."

"உயரம் ஒண்ணேகால் இஞ்ச் கிடைக்கும். அதுக்கு இது வேணாம். பின்னாடி ஸ்ப்ரிங் பட்டையில ஒரு லீஃப் கூட்டுறேன். முன்னாடி முறுக்குக் கம்பிய ஒரு பல் ஏத்தி வைக்கிறேன். அதே உயரம் வந்துரும். பெரிய டயரு போட்டா ஆள் ஏறுனதும் மட்கார்டுல உரசும். திருப்பம் குறையும். ஏத்தத்துல இஞ்சின் முனகும். ஸ்டெப்னியும் அதோட எடத்துல போவாது."

"பெரிசா இருந்தா சரி பண்ணிக்கலாம் பாய். சின்னதா இருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அது செருப்புக்கு சார்."

சிவஞானம் இதை ரசிக்கவில்லை. அளவைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொன்னதில்லை. லீவில் சென்னை போகவிருந்த சக ஊழியர் ஒருவரிடம் தாமே அளவெழுதிக் கொடுத்தார். அந்த நல்ல மனிதர் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளை மூன்று நாள் சுற்றி, பதினைந்து அங்குல ரிம்முக்கு நடுத்தட்டை மாற்றி, நாலு துளை போட்டுப் பற்றவைத்து, ஐந்து சக்கரங்களாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். சாத்தம் ஜெட்டியில் கிரேன் வலையில் பூசணிக்காய் மூட்டைகளோடு அவை இறங்கியதைப் பார்த்தவர்கள், அரசாங்கம் புதிதாக லாரி வாங்கியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

நசீருதீன் மாட்டிக் கொடுத்தார். மாட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சக்கரம் எண்ணூறு மைல் கடல் தாண்டி வந்திருந்தது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கி, விரல் கனத்துக்கு இடம் செய்தார். பழைய சக்கரங்களைத் தம் கொட்டகையிலேயே அடுக்கி வைத்துக்கொண்டார். "கிடக்கட்டும் சார்" என்றார். ஐந்தாவது சக்கரம், அவர் சொன்னபடியே, டிக்கிக்குக் கீழே ஸ்டெப்னிக்கு இருந்த பொந்தில் நுழையவில்லை. அதைக் கூரைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினார்.

"ரெண்டு பேருக்கு மேல ஏத்தாதீங்க. ஸ்டீரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிக்காதீங்க. இந்த ஸ்டெப்னிய மேலேருந்து இறக்காதீங்க."

இந்த மூன்றில் கடைசியைச் சிவஞானம் ஒரு வாரத்தில் மீறினார். வண்டி தலையில் பானை சுமப்பது போல இருக்கிறது என்று இந்திராணி சொல்லிவிட்டார். சக்கரம் வீட்டுக் கொல்லையில் படுத்தது. அதன்மேல் துணி துவைக்கிற சோப்பு வைப்பதற்கு வசதியாக இருந்தது.

வண்டி உண்மையில் உயர்ந்துவிட்டது. சிவஞானம் ஜீப்காரர்களைக் கொஞ்சம் சமமாகப் பார்த்தார். இன்னொன்றும் நடந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. சக்கரம் பெருத்தபடியால் மீட்டர் முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டியது. அளவு தப்பாத மனிதர் தினமும் தப்பான அளவைப் பார்த்துக்கொண்டு, பத்திரமான வேகத்தில் போவதாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதக் கடைசியில் கப்பல். காரச்சராமாவில் சிவஞானத்தின் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி அன்னம்மாள் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா, கணவர் இல்லை. அவர் மகள் ஜெயமணிக்குச் சென்னையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. அந்தத் தேதிக்குள் சென்னை போய்ச் சேருகிற கப்பல் அது ஒன்றுதான். அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து. டாக்ஸி சொல்லப்போன அன்னம்மாளைச் சிவஞானம்தான் தடுத்தார்.

"நம்ம வண்டி எதுக்கு இருக்கு? பொண்ணு மொத மொத வெளியூர் போகுது. நானே கொண்டுபோய் ஏத்திவிடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். இது முழுக் கதையிலும் அவருக்குச் சாதகமான விஷயம். பிற்பாடு அவரை அதிகமாக வருத்தியதும் இதுதான்.

கப்பல் நாளில் ஏறுகிறவர்களைவிடப் பார்க்கப்போகிறவர்கள் அதிகம். இந்திராணியும் கிளம்பினார். ஆக நான்கு பேர். கேரியரில் ஜெயமணியின் டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருட்டு. டிக்கியில் சென்னை உறவினர்களுக்கு ஒரு சாக்குத் தேங்காய். அன்னம்மாள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்படலாம் என்றார். அரை மணிப் பயணத்துக்கு ஒரு மணி தாராளம் என்றார் சிவஞானம். நேரத்தில் மட்டும் ஒரு சைஸ் கூட்டிப் போட அவருக்குத் தோன்றவில்லை.

டைரி ஃபார்ம் என்ற இடத்தைத் தாண்டியதும் ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. சிவஞானம் மழையில் யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்றார். மழையில் எப்படிக் கொளுத்துவார்கள் என்று கேட்க அன்னம்மாளுக்குக் கூச்சம். சும்மா ஏற்றிப் போகிறவரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை. அடுத்த இறக்கத்து வளைவில் பின்பக்க வலது டயர் வெடித்தது. பாரத்தில் உடம்பு இறங்கி, மடக்கிய மட்கார்டு விளிம்பு டயரை மூன்று மைல் தூரம் சீவிக்கொண்டே வந்திருந்தது. வண்டி ஒரு பாறையை ஒட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

ஸ்டெப்னி கொல்லையில் சோப்பைச் சுமந்துகொண்டிருந்தது. டாக்ஸி எட்டும் ஜெட்டியில் நின்றன. பஸ் போய்விட்டிருந்தது. ஜெட்டிக்கு இன்னும் மூன்று மைல். சிவஞானம் மழையில் நடுரோட்டில் நின்று கையை ஆட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து, சாத்தம் மரமில்லுக்குத் தடி ஏற்றிப் போன லாரி ஒன்று நின்றது. பெண்கள் முன்னால் ஏறினார்கள். சிவஞானம் தடிகளின் மேல் டிரங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார். சாத்தம் பாலத்தில் லாரி ஏறும்போது கப்பல் ஜெட்டியிலிருந்து ஒரு வண்டி அகலம் விலகியிருந்தது. ஒரு வண்டி அகலம்தான், ஆனால் கடல்.

ஜெயமணி அழவில்லை. முந்தானையால் டிரங்கின் மேலிருந்த சேற்றைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வழியனுப்ப வந்தவர்களும் டாக்ஸிக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். டாக்ஸிக்காரர்களில் மூத்தவர் ஜெகநாதன். விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர். தீவின் இந்தியிலும் கப்பலில் கற்ற தமிழிலும் பேசுவார்.

"க்யா ஹுவா ஸ்டோர் பாபு? டயர் எப்படி வெடிச்சுது?"

"மட்கார்டுல உரசி…"

"பெரிய சக்கரம் இல்லே போட்டிருக்கு. இந்தச் சின்ன காடிக்கு அதை யாரு மாட்டுனது?"

சிவஞானம் கூட்டத்தைப் பார்த்தார். டிரங்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயமணியைப் பார்க்கவில்லை.

"நசீருதீன்" என்றார்.

கேள்விக்குச் சரியான பதில். மாட்டியது நசீருதீன்தான். ஒரு வார்த்தை பொய்யில்லை. சொன்னவரோ பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். ஊருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் நசீருதீன் கொட்டகையில் டாக்ஸி நிற்பது குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றது. ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவன், தெரியாத வேலையைத் தெரிந்ததாகச் செய்தவன், கடலில் போக வேண்டியவளைக் இடுகாட்டுக்கு அனுப்பப் பார்த்தவன் என்று பஜாரில் பேச்சு. கொட்டகையில் சைக்கிளும் பிரைமஸ் அடுப்பும் வந்தன. நசீருதீன் அவற்றையும் வண்டியைப் பார்ப்பது போலவே பார்த்துப் பேசிச் சரிசெய்து கொடுத்தார். தன் பக்கத்துக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

சிவஞானமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தார். நினைப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு நாள் போனது, பிறகு ஒரு வாரம். எட்டு நாள் கழித்துச் சொன்னால் ஏன் எட்டு நாள் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பதினாறு நாள் ஆனது. வெடித்த டயருக்குப் பதில் கொல்லையில் கிடந்த சக்கரத்தை ஆபீஸ் டிரைவர் ஒருவர் மாட்டிக் கொடுத்தார். சிவஞானம் தனியாக மட்டும் ஓட்டினார். அன்னம்மாள் வீட்டைக் கடக்க வேண்டியிருந்ததால், ஆபீசுக்கு அரை மைல் சுற்றிப் போனார். பின்வழிச் சேற்றில் வண்டி உயரமாகத்தான் போனது. அதற்காகத்தானே வாங்கினார்.

அக்டோபரில் ஒரு மாலை இந்திராணி கேட்டார்: "நசீர் பாய் கொட்டகையக் காலி பண்றாராமே. வடக்க மாயாபந்தர்ல மரக்கம்பெனில ஆள் கேட்டிருக்காங்களாம். அவரு சம்சாரம் லத்தீபா கெணத்தடியில சொல்லிட்டு இருந்தா. மாசக் கடைசி போட்டுல போறாங்களாம்."

"ம்."

"ம்முன்னா? அந்தச் சக்கரத்த அவரா வாங்கச் சொன்னாரு?"

சிவஞானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்ததை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். வெட்கத்தில் சிலருக்குப் பசி போய்விடும். அவருக்கு அந்த நான்கு மாதமும் பசி அதிகமாக இருந்தது. இந்திராணி சாதத்தைப் போட்டுவிட்டு, "நான் போய்ச் சொல்லவா?" என்றார். அதுதான் அவரை எழுப்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அபர்டீன் பஜாரில் டாக்ஸிக்காரர்கள் கூடும் டீக்கடைக்குப் போனார். ஜெகநாதனும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். சிவஞானத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சக்கரத்த நசீருதீன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல. அளவு எழுதிக் குடுத்தது நான். ஸ்டெப்னிய இறக்கி வச்சது நான். நாலு பேர ஏத்துனது நான். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

ஜெகநாதன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஸ்டோர் பாபு, ஆப் படா ஆத்மி ஹை. ரொம்பப் பெரிய மனுஷன்."

"இல்ல, நான் சொல்றது…"

"சமஜ் கயா, புரிஞ்சுது. அவன் குழந்தை குட்டிக்காரன், ஊரை விட்டுப் போறான். நீங்க பாவம்னு பழியெல்லாம் உங்க தலையில எடுத்துக்கிறீங்க. அளவுல நீங்க தப்பு பண்ணுவீங்களா? சின்னப் பிள்ளை கூட நம்பாது."

"நிஜமா நான்தான் ஜெகநாதன்."

"பாருங்கப்பா" என்று ஜெகநாதன் மற்றவர்களிடம் திரும்பினார். "ஆபீஸ்காரன் எவனாவது இந்த மாதிரி சொல்வானா? பாபுக்கு ஒரு ஸ்பெஷல் சாய்."

பதினைந்து வருஷமாகச் சேர்த்த பெயர் அன்று அவரைக் கைவிட மறுத்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொன்னார். அதை அவருடைய முதல் பொய்யாக எடுத்துக்கொண்டு, அதற்காகவே அவரைப் பாராட்டினார்கள். ஸ்பெஷல் டீ வந்தது. ஏலக்காய் போட்டிருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் குடித்தார். நன்றாக இருந்தது என்பது அவருக்கு மேலும் அவமானமாக இருந்தது.

அங்கிருந்து நேரே நசீருதீன் கொட்டகைக்குக் காரை ஓட்டினார். நசீருதீன் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், டீக்கடையில சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

"கேள்விப்பட்டேன். சரிவுல உங்களுக்கு முன்னாடி சேதி இறங்கிருச்சு."

"நம்ப மாட்டேங்கிறாங்க."

நசீருதீன் சைக்கிள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். அவரைப் பார்க்காமல், காரின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்கே ஜெட்டில சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க சார். நாலு மாசம் கழிச்சுச் சொன்னா அது தர்மம் குடுக்குற மாதிரி இருக்கு. எனக்குத் தர்மம் வேணாம்."

"நீங்க ஏன் பாய் ஒரு வார்த்தை சொல்லல? 'நான் வேணாம்னேன்'னு நீங்க சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு பேர் ஒரே விஷயத்தச் சொன்னா நம்புவாங்க. நான் ஒண்ணு சொல்லி நீங்க சும்மா இருந்தா, மெக்கானிக் பொய் சொல்றான்பாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொத மாசம் இருந்தேன். பொறவு அதையும் விட்டுட்டேன்."

சிவஞானம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு.

"இந்தச் சக்கரத்தயெல்லாம் கழட்டிட்டுப் பழசை மாட்டித் தர்றீங்களா பாய்?"

"மாட்டேன்" என்றார் நசீருதீன். "நான் கழட்டுனா, தப்பா மாட்டுனவனே கழட்டுறான்னு ஆவும். நீங்க கழட்டுங்க. உள்ள வேணாம், வாசல்ல. சாமான் எல்லாம் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. பஜாருக்குப் போகிறவர்களும் பஜாரிலிருந்து வருகிறவர்களும் அந்தச் சரிவில்தான் நடந்தாக வேண்டும். சிவஞானம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். வருஷத்துக்கு நூறு ஸ்பேனர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர். ஒன்றையும் பிடித்துத் திருகியதில்லை. முதல் நட்டு நகரவில்லை. அதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நசீருதீன் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு விரலால் காட்டினார்.

முதலில் கேட்டவர் ஆபீஸ் ஹெட் கிளார்க் ராஜமாணிக்கம், கையில் மீன் பையோடு. "என்ன சிவஞானம், நீங்களேவா? மெக்கானிக் இல்லியா?"

"இருக்காரு. சக்கரம் நான் தப்பா வாங்குனது. அதான் நானே கழட்டுறேன்."

"நீங்க தப்பாவா? நல்லா சொன்னீங்க."

அடுத்தவருக்கு இன்னும் விவரமாகச் சொன்னார். அளவு எழுதிக் கொடுத்தது வரை சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போனார். அதற்கடுத்தவருக்குச் சுருக்கினார். இருபது பேருக்கு மேல் ஆனதும், "நான் பண்ண தப்பு" என்ற மூன்று வார்த்தைதான் மிஞ்சியது. சொல்லச் சொல்ல அது எளிதாகும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் காது மடல் புதிதாகச் சுட்டது. டீக்கடையிலிருந்து ஜெகநாதனும் இரண்டு பேரும் வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் மரியாதை கூடிக்கொண்டே போனது. வேறு ஏதாவது கூடியிருந்தால் தேவலை என்று சிவஞானத்துக்கு இருந்தது.

மூன்று சக்கரம் மாற்றி நான்காவதில் கை வைத்தபோது, பஜார்ப் பக்கமிருந்து அன்னம்மாளும் ஜெயமணியும் வந்தார்கள். அந்தச் சரிவில் சுற்றிப் போக வேறு வழி இல்லை. இருந்திருந்தாலும் எழுந்து ஓடும் நிலையில் அவர் இல்லை. மடியில் ஒரு சக்கரம் இருந்தது.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

"அன்னம்மா, அந்தச் சக்கரம் நசீர் பாய் சொல்லி வாங்குனது இல்ல. நான் வாங்குனது."

"தெரியும் சார்" என்றாள் ஜெயமணி.

"தெரியுமா?"

"அன்னைக்கு வண்டில ஏறுனதுலேருந்து அதத்தான சொல்லிட்டு வந்தீங்க. 'நசீர் பாய் வேணாம்னார், நான் கேக்கல, இப்ப வண்டி எப்படிப் போகுது பாரு'ன்னு. நாத்தம் வர்ற வரைக்கும் சொன்னீங்க."

சிவஞானத்துக்கு அது நினைவில்லை. நான்கு மாதத்தில் அன்றைய நாளை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். டைரி ஃபார்முக்கு முந்தின பகுதியை மட்டும் அவர் மனசு எடுத்து ஒளித்துவிட்டிருந்தது. ஆக, இந்த நான்கு மாதமும் அரை மைல் சுற்றிப் போனது, உண்மை தெரியாதவர்களிடமிருந்து மறைந்துகொள்ள அல்ல.

"நீ… நீங்க யார்கிட்டயும் சொல்லலியே."

அன்னம்மாள்தான் பதில் சொன்னார். "சும்மா கூட்டிட்டுப் போனீங்க. ஒரு காசு வாங்காம. உங்கள எப்படிச் சந்தியில நிறுத்துறது? நீங்களே சொல்லுவீங்கன்னு இவகிட்ட நான்தான் சொல்லி வச்சேன்."

"என்னை யாரும் கேக்கவும் இல்ல சார்" என்றாள் ஜெயமணி. "போக முடியாமப் போனவ நான். ஆனா எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க."

"உன் படிப்ப நான்…"

"அது வேற. அடுத்த வருஷம் திரும்ப இடம் தருவாங்களான்னு தெரியாது. எழுதிப் போட்டிருக்கேன். அதப் பத்தி நாம இன்னொரு நாள் பேசலாம். நசீர் மாமா இந்த மாசம் போறாரு."

அவள் ரோட்டைக் கடந்து ஜெகநாதன் முன்னால் போய் நின்றாள். போர்ட் பிளேர்ப் பள்ளிக்கூடத்து இந்தியில், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, தான் கேட்டதையும் பார்த்ததையும் வரிசையாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொன்னவர் யார், வாங்கியவர் யார், ஸ்டெப்னி எங்கே கிடந்தது, அதன்மேல் என்ன இருந்தது வரை. எதையும் கூட்டவில்லை, சிவஞானத்தைத் திட்டவும் இல்லை. இழந்தவள் சொன்னதால் அதைத் தர்மமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் வழியில்லாமல் போனது.

ஜெகநாதன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். சிவஞானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இவ்வளவு நேரம் இருந்தது இப்போது இல்லை. "அச்சா" என்று மட்டும் சொன்னார். பிறகு சிவஞானத்தைக் கடந்து கொட்டகை வாசலுக்குப் போய், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"பாய், என் காடில பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. நாளைக்கு வுட்டா பாப்பீங்களா?"

உள்ளே சைக்கிள் சக்கரம் சுற்றுவது நின்றது.

"எத்தன மாசமா இழுக்குது?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம் இழுக்க விட்டுட்டு ஓட்டுனியா? காலைல கொண்டா. ஆள் ஏத்தாமக் கொண்டா."

ஜெகநாதன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்னம்மாளும் ஜெயமணியும் சரிவில் ஏறினார்கள். சிவஞானம் நான்காவது சக்கரத்தையும் மாட்டி, நட்டுகளைக் கை வலிக்கும் மட்டும் இறுக்கி, ஜாக்கியை இறக்கினார். கார் பழைய தாழ்வுக்கு வந்து நின்றது.

அப்போதுதான் நசீருதீன் வெளியே வந்தார். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, முதல் சக்கரத்தின் முன் குந்தினார். சிவஞானம் இறுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்று கால் சுற்று போனது. ஒன்று அரைச் சுற்று. மூன்றாவது சக்கரத்தில் ஒரு நட்டு ஒன்றரைச் சுற்று சுற்றிய பிறகுதான் நின்றது. நசீருதீன் அதில் கொஞ்சம் தாமதித்தார். பிறகு அடுத்ததற்குப் போனார். பதினாறு நட்டு. சிவஞானம் கிரீஸ் கையோடு வெயிலில் நின்று, பதினாறையும் எண்ணிக்கொண்டிருந்தார்.